அப்படிப்பட்டவர் இல்லை

அவர் முன்னால் யாரையும் நல்லவர் என்று சொல்லிவிட முடியாது. கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. கஞ்சன், கோபக்காரி, சோம்பேறி, தங்கமான மனுஷன் என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்லிக் கடந்துபோகும் எந்தச் சொல்லும் அவரிடம் செல்லுபடியாகாது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அதற்கு மேலாக நம்மைப் பார்த்து, “என்ன செஞ்சாங்க?” என்று கேட்பார். அந்தக் கேள்வியில் கண்டிப்பு இருக்காது. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவரின் குரல் அது. அதனாலேயே பதில் சொல்லாமல் தப்பிக்க முடியாது.

ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நானும் அவரும் நின்றிருந்தோம். அன்று அவருடைய ஸ்கூட்டர் பழுது. ராஜபாளையம் போகும் பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்து, ஆசை காட்டிவிட்டு, நிற்காமல் போனது. பக்கத்தில் கொய்யாக் கூடையோடு நின்ற அம்மா பொரிந்து தள்ளினார்.

“ஈவு எரக்கமில்லாத பய. இவன்லாம் ஒரு டிரைவரா?”

“என்ன செஞ்சாருக்கா?” என்றார் இவர்.

“பாத்துக்கிட்டுத்தான நிக்கே? நிப்பாட்டாமப் போறாம்ல.”

“சரி, நிப்பாட்டாமப் போனாரு. வேற?”

“வேற என்னத்தச் சொல்ல? ஏம்மா, அவன் ஒனக்குச் சொந்தக்காரனா? இம்புட்டு வக்காலத்து வாங்குத?”

“சொந்தம்லாம் இல்லக்கா. பின்னாலயே இன்னொரு வண்டி வருதோ என்னமோ.”

“வந்தா நீ ஏறிக்கோ. நான் இவன வஞ்சுட்டுத்தான் ஏறுவேன்.”

பின்னாலேயே இன்னொரு வண்டி வந்தது. கூடைக்கார அம்மா சொன்னபடியே, படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு மிச்சத்தையும் வைது முடித்துவிட்டுத்தான் ஏறினார். இவர் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது அந்த அம்மாவிடமே இரண்டு கொய்யா வாங்கி, காயாக இருந்ததை எனக்குக் கொடுத்தார்.

அவர் மனநல ஆலோசகர். மருத்துவர் அல்ல, மருந்து எழுத மாட்டார். பேசுவார், அதைவிட அதிகமாகக் கேட்பார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் அவருடைய அறை. ஊரில் எங்கே நின்றாலும் தெரிகிற கோபுரம் அந்த ஜன்னலில் மட்டும் தெரியாது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். “நல்லதாப் போச்சு. இல்லாட்டி வாரவங்க சாமியப் பாத்துக்கிட்டே இருப்பாங்க, பேச மாட்டாங்க” என்பார்.

அவரை நினைத்தால் எனக்கு வரிசையாக வருபவை இவை. ஆண்கள் கட்டுகிற பெரிய வாட்ச். ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து அப்படியே மாடி ஏறி வருவது. பேச்சு தடைப்படும்போது நம் பக்கம் நகர்த்துகிற பொரிகடலை டப்பா. பருத்திப் புடவையின் தோளில் எப்போதும் கூடுதலாகக் குத்தியிருக்கும் ஓர் ஊக்கு. “யாருக்காவது தேவைப்படும்ல?” யாருக்காவது தேவைப்படும் என்று யோசித்துக்கொண்டே இருந்தவர் அவர். அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை.

நான் அங்கே முதலில் போனது பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது. எழுத்துத் தேர்வில் எனக்குச் சிக்கல் இல்லை. வாய்மொழித் தேர்வு என்றால் தொண்டை அடைத்துவிடும், விரல்கள் சில்லிட்டுவிடும். தெரிந்த பதில் உள்ளே பத்திரமாக நிற்கும், வெளியே வராது. ஒருமுறை பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். துறைத் தலைவர் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினார். யாரோ சொல்லி அம்மா என்னை அந்த மாடிக்கு அழைத்துப்போனாள்.

“இவ சின்னதுல இருந்தே பயந்த சுபாவம் மேடம்” என்று அம்மா தொடங்கினாள்.

“என்ன செஞ்சா?”

“எல்லாத்துக்கும் பயப்படுவா. நாயக் கண்டா பயம். இடி இடிச்சா பயம். வாத்தியாரு நிமிந்து பாத்தா பயம்.”

“காலேஜுக்கு எதுல போறா?”

“பஸ்லதான்.”

“யாரு கூட?”

“தனியாத்தான் போவா.”

அவர் என் பக்கம் திரும்பினார். “கூட்டத்துல எவனாவது மேல இடிச்சா என்னம்மா செய்வ?”

“ஊக்க எடுத்துக் குத்திருவேன்” என்றேன். அந்த அறையில் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அம்மா திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். “ஏட்டி, எங்கிட்டச் சொல்லவே இல்ல?”

“அம்மா, அந்தப் பயந்த சுபாவம் அந்நேரம் எங்க போகுதுன்னு கேளுங்க” என்றார் அவர். பிறகு தன் தோளில் இருந்த கூடுதல் ஊக்கைக் கழற்றி என்னிடம் நீட்டினார். மூன்று பேரும் சிரித்தோம். பிறந்ததிலிருந்து என் மேல் ஒட்டியிருந்த ஒன்று அன்று உரிந்து விழுந்தது.

அதற்குப் பின்னால் நடந்தது மெதுவான வேலை. “எனக்குப் பயம்” என்று பொதுவாகச் சொல்ல என்னை அவர் விட்டதே இல்லை. எங்கே உட்கார்ந்திருந்தாய், எதிரில் யார், என்ன கேட்டார்கள், முதலில் தொண்டையா விரலா, அப்புறம் என்ன நடந்தது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லவைப்பார். சொல்லச் சொல்ல, வீடெல்லாம் நிறைந்திருந்த பயம் ஒரு மேசைக்கு எதிரில் ஒரு நாற்காலி அளவுக்குச் சுருங்கியது. அந்த அளவுள்ள பயத்தோடு என்னால் மல்லுக்கு நிற்க முடிந்தது. வாய்மொழித் தேர்வில் கடைசி மாணவியாகப் போய்ப் பதில் சொல்லிவிட்டு வந்தேன்.

சேத்தூரில் என் பெரியப்பா இறந்தபோது அவரும் வந்திருந்தார். அம்மாவுக்கும் அவருக்கும் அதற்குள் நல்ல பழக்கமாகியிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் “தங்கமான மனுசன்”, “அவிய மாதிரி யாரு உண்டு” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா கண்ணில் ஈரமே இல்லாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முந்தைய நாளிலிருந்து அவள் அழவில்லை என்று எல்லாருக்கும் கவலை. இவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, “அவரு என்ன செய்வாருக்கா?” என்று கேட்டார். இழவு வீட்டிலுமா?

பெரியம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். “என்ன செய்வாகளா? காலையில தோட்டத்துக்குப் போகையில எஞ்செருப்பயும் வெளியப் பாத்துத் திருப்பி வெச்சிட்டுப் போவாக. நான் குனியக்கூடாதாம், இடுப்பு வலிக்காரியாம்.” சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தாள். வந்தவர்களின் செருப்புக் குவியலில் அவளுடையது எங்கோ உள்நோக்கிக் கிடந்தது. அப்போதுதான் பெரியம்மா அழுதாள்.

தங்கமான மனுசன் என்ற சொல்லில் பெரியப்பா இல்லை, அந்தச் செருப்பில் இருந்தார். இதைவிடத் தெளிவாக அவருடைய முறையை என்னால் விளக்க முடியாது.

படிப்பு முடித்து ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதாவது அந்த மாடிக்குப் போவேன். ஆலோசனைக்கு அல்ல, பேசத்தான். மில்லில் காயத்துக்குக் கட்டுகிற துணி தயாரிக்கிறார்கள். நான் அதன் பரிசோதனைக்கூடத்தில் இருந்தேன். துணியைத் தண்ணீரில் போட்டால் எவ்வளவு நேரத்தில் மூழ்குகிறது, எத்தனை பலத்துக்குக் கிழிகிறது என்று பார்த்துக் குறிப்பது என் வேலை. அதைச் சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

“அப்ப, நல்ல துணின்னு நீ எழுத மாட்ட.”

“மாட்டேன் மேடம். எம்புட்டு நேரத்துல முங்குச்சுன்னுதான் எழுதுவேன்.”

“போன லாட்டுத் துணி நல்லா இருந்துச்சேன்னு இந்த லாட்ட அப்படியே விட்டுருவியா?”

“விட்டா என்னய வீட்டுக்கு அனுப்பிருவாங்க.”

“அம்புட்டுத்தான். நான் மனுஷங்களுக்குச் செய்யிறத நீ துணிக்குச் செய்யிற” என்று டப்பாவை நகர்த்தினார்.

அன்றைக்குத்தான் நான் கேட்டேன். “அப்பக் குணம்னு ஒண்ணு கெடையவே கெடையாதா மேடம்?”

“இருக்கு. ஆனா உள்ளுக்குள்ள பொதைச்சு வெச்ச பொருள் மாதிரி இல்ல. கம்மாக்கரையில ஒத்தையடிப் பாதை கெடக்குல்ல, அத யாரும் போடல. நடந்து நடந்து விழுந்தது. நல்லவங்க நல்லது செய்றாங்கன்னு சொல்றோம். எனக்கென்னமோ, நல்லது செஞ்சு செஞ்சுதான் நல்லவங்களா ஆகுறாங்கன்னு படுது. நடக்காம விட்டா அந்தப் பாதையிலயும் புல்லு மொளைச்சிரும்.” தன் படிப்பிலும் இதற்கு இரண்டு கட்சி உண்டு என்றார். சிறு வயதிலேயே மனிதனின் வார்ப்பு முடிந்துவிடுகிறது என்கிறவர்கள் ஒரு பக்கம், சாகும்வரை பிசைந்துகொண்டே இருக்கலாம் என்கிறவர்கள் மறுபக்கம். நீதி நெறி பேசுகிறவர்களும் இதே சண்டையை வேறு சொற்களில் நெடுங்காலமாகப் போடுகிறார்களாம். “நான் பிசையிற கட்சி. இல்லாட்டி இந்த ரூமுக்கு எதுக்கு வாடகை குடுக்கணும்?”

“சரி மேடம். எல்லாரும் எந்நேரமும் எதையும் செய்யலாம்னா, யாரை எப்படி நம்புறது?”

ஜன்னல் பக்கம் பார்த்தார். தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. “அதுக்கு எனக்கே இன்னும் பதில் கெடைக்கல” என்றார்.

எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது. இவ்வளவு நேர்மையாகத் தெரியாது என்று சொல்கிற ஒருவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது என்று நினைத்தேன்.

இனி நான் சொல்லப்போவதை அவர் கற்றுக்கொடுத்த ஒழுங்கிலேயே சொல்கிறேன்.

மில்லில் எனக்கு மேலே ஒரு மேனேஜர் இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பரிசோதனைக்கூடத்தில் தனியாக எடை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே வந்தார். கதவைத் தாழிட்டார். அந்தக் கதவை யாரும் தாழிடுவதில்லை. எனக்குப் பின்னால் வந்து நின்று இடுப்பில் கை வைத்தார். நான் விலகினேன். மணிக்கட்டைப் பிடித்தார். “பதறாத, யாருக்கும் தெரியாது” என்றார். என் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. கேன்டீன் அக்கா டீயோடு வந்து கதவைத் தட்டினார். மேனேஜர் கையை எடுத்தார், தாழைத் திறந்தார், அன்றைய ரிப்போர்ட்டை மேசைக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாவிடம் சொன்னேன். “அந்த வேலையே வேண்டாம்ட்டி. நாளைக்கே எழுதிக் குடுத்துட்டு வந்துரு. ஊரு வாயில விழ வேண்டாம்” என்றாள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். புகார் கொடுக்க என்னைத் தூண்டியது ஒரே ஒரு காரணம். மில்லில் இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்க ஒரு கமிட்டி இருந்தது. அதில் வெளியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த வெளியாள் அவர்தான்.

“மேடம் இருக்காங்கம்மா” என்றேன்.

“அந்தம்மா இருந்தாச் சரி” என்றாள்.

விசாரணை நடக்கும்வரை அவரிடம் தனியாகப் பேசக் கூடாது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவருக்குச் சங்கடம் வரக் கூடாது என்று நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போகவில்லை.

கமிட்டியின் தலைவர், கணக்குப் பிரிவில் வெகுகாலமாக இருக்கிற ஓர் அம்மா. இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஓரத்து நாற்காலியில் அவர். ஹெல்மெட்டைக் கழற்ற அன்று மறக்கவில்லை, அது மடியில் இருந்தது. நான் மேலே சொன்னதை மேலே சொன்னபடியே சொன்னேன். அந்த மேனேஜரை மோசமானவர் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. எங்கே, யார், என்ன, அப்புறம் என்ன. சொல்லும்போதே, இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது என்று உள்ளுக்குள் ஒரு கர்வம்கூட இருந்தது. அவருடைய மாணவி நான்.

அவர் கண்ணாடியை இறக்கவில்லை. அதை நான் கவனித்தேன். மூக்கின் மேல் ஏறியபடியே இருந்தது. அவர் எதையும் கேட்கவும் இல்லை.

“அந்நேரமே சத்தம் போட்டிருக்கலாமேம்மா?” என்றார் தலைவர்.

“வாய் வரல மேடம்.”

தலைவர் ஓரத்து நாற்காலியைப் பார்த்தார். “நீங்க ரெண்டு பேரையும் தெரிஞ்சவங்க. நீங்கதான் சொல்லணும்.”

ரெண்டு பேரையுமா?

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “எனக்கு அவரை ரொம்ப வருஷமாத் தெரியும். அவர் அப்படிப்பட்டவர் இல்ல.”

அவர் மேலும் சொன்னார். என்னைப் பார்த்து, பரிவோடு, பெரியம்மாவிடம் பேசிய அதே குரலில் சொன்னார். “இந்தப் பிள்ளையையும் தெரியும். பொய் சொல்ற பிள்ளை இல்ல. ஆனா கொஞ்சம் பயந்த சுபாவம். காலேஜ்ல படிக்கும்போதே பதற்றத்துக்காக எங்கிட்ட வந்துக்கிட்டு இருந்தா. சின்னதா ஏதாவது நடந்தாலும் அவளுக்குப் பெருசாத் தெரியும்.”

ஒரே மூச்சில் எத்தனை காரியங்கள். அந்த ஆளுக்கு ஒரு குணம் கொடுத்தார். எனக்கு ஒரு குணம் கொடுத்தார். மாடி அறையில் நான் சொன்னவற்றை மில்லின் மேசையில் எடுத்து வைத்தார். அம்மாவின் வாயிலிருந்து என்னை மீட்டுக் கொடுத்தவர், அதே சொல்லை எடுத்துத் திரும்ப என் மேல் போர்த்தினார். தலைவர் “ஓ” என்றார். மற்ற இருவரின் முகத்திலும் ஒரு நிம்மதி வந்தது. அவர்களில் ஒருவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். அதன் பிறகு நான் புகார் கொடுத்தவள் இல்லை, உடம்புக்கு முடியாதவள்.

தொண்டை அடைத்தது. விரல்கள் சில்லிட்டன. அவர் எதிரிலேயே, அவர் போக்கிய அதே பயம், அதே வரிசையில்.

மில் வாசலில், வேப்ப மரத்தடியில், ஸ்கூட்டரை எடுக்க வந்தவரை நிறுத்தினேன்.

“அவரு என்ன செஞ்சாருன்னு நீங்க கேக்கவே இல்லையே மேடம்?”

அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். “ஒனக்கு ஒண்ணு தெரியாதும்மா. எம் மகன் வண்டியில அடிபட்டு மதுரையில ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, சொந்தக்காரன் ஒருத்தன் எட்டிப் பாக்கல. இவருதான் வந்தாரு. வராண்டாவுலயே படுத்துக் கெடந்தாரு. எம் மகன் மலஜலத்த எடுத்துப்போட்டாரு. நான் கண்ணால பாத்தேன்.”

“அது அன்னைக்கு மேடம். நான் சொன்னது போன வெள்ளிக்கிழமை.”

நான் காத்திருந்தேன். இப்படி ஒரு பதிலுக்காகத்தானே என்னை இத்தனை வருஷம் பழக்கினார். இதோ கண்ணாடியை இறக்கப்போகிறார், “ஆமா, சரிதான்” என்று சொல்லப்போகிறார், திரும்ப உள்ளே போகப்போகிறார் என்று உண்மையிலேயே நினைத்தேன்.

“எம் மகனுக்கு அவரு செஞ்சதுக்கு நான் எப்படிம்மா...” என்றார். முடிக்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

தவறான புரிதல் என்று கமிட்டி முடிவு செய்தது. என்னை வேறு யூனிட்டுக்கு மாற்றினார்கள். நான் விலகிக்கொண்டேன். இப்போது ராஜபாளையத்திலேயே இன்னொரு இடத்தில் அதே வேலை பார்க்கிறேன். துணி மூழ்குகிறதா என்று பார்க்கிறேன்.

மேடத்தை வெறுக்க வரிசையாகக் காரணம் சேர்த்துப் பார்த்தேன். சேரவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்த கையும், அவர் மகனின் மலத்தை அள்ளிய கையும் ஒரே கைதான். அது அவருக்குத் தெரியவேண்டாமா? எனக்கே தெரிகிறதே. யாரையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவருக்கு, தான் நன்றிக்கடன் பட்ட ஒருவர் விஷயத்தில் மட்டும் ஒரே சொல் போதுமாக இருந்தது. அவர் அவ்வளவு காலமும் என்னிடம் சொன்னது பொய் என்றால் தாங்கிக்கொள்வேன். அது உண்மை. உண்மையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, எனக்கு அது தேவைப்பட்ட ஒரே நேரத்தில் அதைக் கீழே போட்டார். அதைத்தான் என்னால் எங்கேயும் கொண்டுபோய் வைக்க முடியவில்லை.

ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் அவரைத் தூரத்தில் பார்த்தேன். பழக்கடைக்காரர் யாரையோ பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார். இவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். காதில் விழாவிட்டாலும் கேள்வி எனக்குத் தெரியும். திரும்பியவர் என்னைக் கண்டார். கையைப் பாதி தூக்கினார். அந்தப் பாதியில் கை நின்றது. தோளில் கூடுதல் ஊக்கு இருந்தது. நான் சாலையைக் கடந்து மறுபக்கம் போய்விட்டேன்.

போன மாதம் சேத்தூரிலிருந்து சித்தி வந்தாள். கூட அவள் மகள் கவிதா. பிளஸ் டூ படிக்கிறாள். பரீட்சை என்றால் வாந்தி, சாப்பாடு இறங்குவதில்லை, பள்ளிக்கூடத்துக்கே போக மாட்டேன் என்கிறாள். சித்தி தேம்பாத குறையாகச் சொன்னாள்.

“ஏட்டி, ஒன்னயக் கூட்டிட்டுப் போனாகளே ஒரு மேடத்துகிட்ட, சீவில்லிபுத்தூருல. அவுககிட்ட இவளக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன். அக்காகிட்டக் கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா. அவுக எப்படிப்பட்டவுக? நல்ல மாதிரிதான?”

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். கவிதா நகத்தைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். மாடி அறையில் முதல் நாள் நான் உட்கார்ந்திருந்தது போலவே, நாற்காலியின் நுனியில்.

“எப்படிப்பட்டவுகன்னு கேக்காத சித்தி. என்ன செஞ்சாகன்னு சொல்லுதேன். பொறவு நீயே பாத்துக்கோ.”

எல்லாவற்றையும் சொன்னேன். வாய்மொழித் தேர்வைச் சொன்னேன், ஊக்கைச் சொன்னேன், பெரியப்பா வீட்டு வாசலில் கிடந்த செருப்பைச் சொன்னேன். சித்திக்கு அது நினைவிருந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மில்லில் நடந்ததைச் சொன்னேன், ஒன்றையும் விடாமல். வேப்ப மரத்தடிவரைக்கும்.

சித்திக்கு முகம் சிவந்துவிட்டது. “அடப் பாவி. பொம்பளயா அவ? மொதல்ல இருந்தே வேஷம் போட்டுருக்கா, பாரு. ஒங்க பெரியம்மாட்ட வந்து உருகுனதெல்லாம் வேஷந்தான். இப்பத்தான தெரியுது அவ எப்படிப்பட்டவன்னு.”

“வேஷம் இல்ல சித்தி.”

“பின்ன? ஒனக்கு இவ்வளவு செஞ்சிருக்கா. இன்னுமா வக்காலத்து வாங்குத?”

நான் வக்காலத்து வாங்கவில்லை. சித்தி சொல்வதை ஒப்புக்கொள்வது எனக்கு எவ்வளவு சுலபம். வேஷக்காரி என்று சொல்லிவிட்டால் கணக்கு முடிந்துவிடும். அப்படிப்பட்டவர், அதனால் அப்படிச் செய்தார். தேள் கொட்டியது என்பதுபோல அதில் கோபப்பட ஒன்றுமே இருக்காது. அந்தச் சலுகையை அவருக்குக் கொடுக்க எனக்கு மனம் இல்லை.

“இவள அங்க கூட்டிட்டுப் போக வேண்டாம் சித்தி. மதுரையில வேற ஆளு விசாரிச்சு வெச்சிருக்கேன். நானே கூட வாரேன்” என்றேன்.

கவிதா நகத்தை வாயிலிருந்து எடுத்தாள்.

“அப்ப அவங்க எப்படிப்பட்டவங்கதான் அக்கா?”

“அவங்க அப்படிப்பட்டவங்க இல்லட்டி” என்றேன். “இருந்தும் செஞ்சாங்க.”